பத்தடி தள்ளி

எங்கள் டோர்வால் ஏரியில் மே மாதம் பிறந்தால் இரண்டு பேருக்கு வேலை அதிகம். ஒன்று எனக்கு. ஏரிக்கரை வீடுகளின் படகுத்துறைகளைத் தண்ணீரில் இறக்கிப் பூட்டுகிறவன் நான். இன்னொன்று ஆர்லிஸ் ஹௌகன் அம்மாளுக்கு. நான் இறக்கியது தப்பு என்று சொல்கிறவர் அவர்.

வட மினசோட்டாவில் படகுத்துறை என்பது கட்டடம் அல்ல. பலகையும் இரும்புக் காலும்தான். அக்டோபரில் கழற்றிக் கரையேற்றிவிட வேண்டும். சோம்பல்பட்டு விட்டுவைத்தால், ஏரி உறையும்போது ஐஸ் அதை மடக்கி முறுக்கி, வசந்தத்தில் பக்கத்து வீட்டுப் புல்தரையில் கொண்டுபோய்ப் போடும். ஆகவே வருஷா வருஷம் கழற்றுகிறோம், வருஷா வருஷம் மாட்டுகிறோம். சண்டையும் அப்படித்தான். ஒரே இடத்தில் நிற்கிற சுவரைப் பற்றி ஒரு மனிதன் எத்தனை வருஷம் சண்டை போடுவான்? அலுத்துவிடும். துறை அப்படியில்லை. ஒவ்வொரு மே மாதமும், “போன வருஷம் இது ஒரு அடி அந்தப் பக்கம் இருந்துச்சே” என்று புதிதாகத் தொடங்கலாம்.

எங்கள் ஊர் மன்றத்தின் விதி சின்னது. உன் நிலத்தின் இரண்டு பக்க எல்லைக் கோட்டையும் அப்படியே தண்ணீருக்குள் நீட்டு. துறையும் படகும் அந்த இரண்டு கோட்டுக்கும் உள்ளே, ஒவ்வொரு கோட்டிலிருந்தும் பத்தடி தள்ளி இருக்க வேண்டும். கரை நேராக இருந்தால் இதில் ஒரு தொல்லையும் இல்லை. கடவுள் டோர்வால் ஏரிக்கு நேரான கரை கொடுக்கவில்லை.

ஆர்லிஸ் மன்றத்தின் படகுத்துறை அதிகாரி ஆனது அவர் விரும்பி அல்ல. மன்றக் கூட்டத்துக்கு வராதவர்களின் பெயரை எந்த வேலைக்கும் முன்மொழிந்துவிடுவது எங்கள் வழக்கம். அன்று எல்லோரும் உஷாராக வந்திருந்தார்கள். ஆர்லிஸும் வந்திருந்தார், ஆனால் காபி ஊற்றிக்கொள்ள எழுந்துபோயிருந்தார். திரும்பி வந்தபோது அதிகாரியாகியிருந்தார். “சரி, அந்த அளக்கற டேப்பை எங்க வெச்சிருக்கீங்க?” என்று மட்டும் கேட்டார்.

நல்ல உயரம். நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருப்பார். மார்பு வரை வரும் ரப்பர் காலுடையை மாட்டிக்கொண்டு தண்ணீருக்குள் நின்று அளப்பார். அவர் நடந்துபோனால் கரையில் இருக்கிறவர்கள் வீட்டுக்குள் போய்விடுவார்கள். ஒருமுறை ஸ்டெனெர்சன் வீட்டுக்காரர், பக்கத்துத் துறையின் விளக்கு தன் படுக்கையறைக்குள் அடிக்கிறது என்று புகார் சொன்னார். ஆர்லிஸ் போய்ப் பார்த்தார். “துறை ஒழுங்கா இருக்கு. வெளிச்சத்துக்கு விதி இல்ல. திரைச்சீலை ஒண்ணு வாங்குங்க,” என்றார். அந்தக் குடும்பம் இன்றும் அவரைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. திரைச்சீலை வாங்கிவிட்டார்கள்.

அவர் பிறந்தது இந்த ஏரிக்கரையில்தான். அப்பா ஆரின் ஹௌகன் தூண்டில்கடை வைத்திருந்தார். ஆர்லிஸ் இருபத்திரண்டு வயதில் ஒரு குழாய் வேலைக்காரனைக் கல்யாணம் செய்துகொண்டு டெக்ஸாஸ் போனார். முப்பது வருஷம் அங்கே இருந்தார். பிறகு அந்த மனிதனுக்கு வேறொருத்தியைப் பிடித்துப்போயிற்று. ஆர்லிஸ் இரண்டு பெட்டியும் ஒரு கள்ளிச்செடியுமாகத் திரும்பி வந்தார். கள்ளிச்செடி முதல் குளிர்காலத்தைத் தாண்டவில்லை. அடுத்த குளிர்காலத்தில் அப்பாவும் போய்விட்டார்.

ஆரின் தன் நிலத்தை இரண்டாகப் பிரித்து எழுதியிருந்தார். வடக்குப் பாதி ஆர்லிஸுக்கு. தெற்குப் பாதி தம்பி கெய்லனுக்கு. கெய்லன் என் வயதுக்காரன், மர அறுவை மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், மனைவியை இழந்தவன். பேச்சு குறைவு, பிடிவாதம் அதிகம். இரண்டு வீட்டுக்கும் நடுவே நாற்பது தப்படி இருந்தால் அதிகம்.

அந்த இடத்தில் கரை உள்வாங்கி அரிவாள் மாதிரி வளைகிறது. வளைவின் அடிமடியில் இருப்பது கெய்லன் நிலம். எல்லைக் கோடுகளைத் தண்ணீருக்குள் நீட்டினால் ஆர்லிஸுக்கு விசாலமாக இடம் கிடைக்கும். கெய்லனின் இரண்டு கோடும் ஒன்றையொன்று நெருங்கிப் போய்க் கொஞ்ச தூரத்திலேயே முட்டிக்கொள்ளும். அந்த முக்கோணத்துக்குள் தண்ணீர் முழங்கால் அளவு. துறை போட்டால் வாத்து கட்டலாம். படகு கட்ட முடியாது. அப்பா இருந்தவரை இரண்டும் ஒரே நிலம், ஒரே துறை. பிரித்தபோது யாரும் தண்ணீரைப் பற்றி யோசிக்கவில்லை.

அப்பாவின் அடக்கம் முடிந்த அடுத்த மே மாதம் கெய்லன் தனியாக ஒரு துறை வாங்கினான். என்னைத்தான் போடச் சொன்னான். எந்தப் பக்கம் என்று கேட்டேன். ஆழமான தண்ணீரை நோக்கிக் கையைக் காட்டினான். அது ஆர்லிஸின் தண்ணீர். “கெய்லன், இது கோட்டைத் தாண்டுதேடா,” என்றேன். “தாண்டட்டும். அவங்களுக்கு வேணும்னா வந்து சொல்லட்டும்,” என்றான். போட்டேன். ஆர்லிஸ் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். வந்து எதுவும் சொல்லவில்லை.

அன்று நின்ற பேச்சு பதினோரு வருஷம் நின்றது. ஏன் என்று யாருக்கும் தெரியாது. கேட்பது எங்கள் ஊரில் மரியாதை இல்லை. சர்ச்சில் ஒரே வரிசை, இரண்டு முனை. பாத்திரம் கழுவும் முறை வந்தால் ஒருவர் கழுவுவார், ஒருவர் துடைப்பார், நடுவில் தட்டு மட்டும் போகும். அதிகாரியான பிறகு ஆர்லிஸ் ஏரியைச் சுற்றி எல்லோருக்கும் நோட்டீஸ் கொடுத்தார். கெய்லனுக்கு மட்டும் கொடுக்கவில்லை. புகார் வந்தால்தான் அளப்பார். கெய்லன் துறையால் பாதிக்கப்பட்டவர் அவர் ஒருவர்தான். அவர் புகார் கொடுக்கவில்லை. அது அவர் பெருந்தன்மை என்று நான் நினைத்தேன். கெய்லனோ, தன்னை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை என்று நினைத்தான்.

ஒரு நாள் காலையில் ஆர்லிஸ் எனக்கு போன் செய்தார்.

“வெர்லின், கெய்லன் வீட்டு சமையல்கட்டுல லைட் எரியல.”

“அதுக்கு?”

“பல்பு போயிருக்கும். போய் மாத்தச் சொல்லு.”

போய்ப் பார்த்தேன். பல்பு நன்றாக இருந்தது. கெய்லனுக்குக் காய்ச்சல், எழுந்திருக்கவில்லை, அவ்வளவுதான். தினமும் அந்த விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் இந்தம்மா காபி போடுகிறார் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. போனில் சொன்னேன். “பல்பு மாத்தியாச்சு.” “நல்லது,” என்று வைத்துவிட்டார்.

இப்படியே போயிருக்கும். பல் டாக்டர் கெஸ்லர் வந்து கெடுத்தார். மினியாபோலிஸிலிருந்து வந்து கோடையைக் கழிக்கிற மனிதர். அவருடைய துறை ஆறு அங்குலம் கோட்டை நெருங்கிவிட்டதென்று ஆர்லிஸ் மூன்று முறை நோட்டீஸ் கொடுத்திருந்தார். போன செப்டம்பர் மன்றக் கூட்டத்தில் கெஸ்லர் எழுந்து நின்றார்.

“என் துறையை அங்குலம் அங்குலமா அளந்தீங்க, சரி. உங்க தம்பி துறை உங்க தண்ணியிலேயே நிக்குது. அதை என்னைக்காவது அளந்தீங்களா?”

காபி கலக்கிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“இல்ல,” என்றார் ஆர்லிஸ்.

“ஏன்?”

“யாரும் புகார் குடுக்கல.”

“நான் குடுக்கறேன்.”

“எழுதிக் குடுங்க.”

எழுதியே கொண்டுவந்திருந்தார். எனக்கு அந்த மனிதரைக் கண்டாலே ஆகாது. ஆனால் அவர் கேட்டதில் தப்பு கண்டுபிடிக்க நானும் முயன்றுபார்த்தேன், முடியவில்லை. கடைசி வரிசையில் கெய்லன் தொப்பியைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

தண்ணீரில் கோடு போட முடியாது. ஆகவே வளைந்த கரைகளை ஆர்லிஸ் ஜனவரியில் அளப்பார், ஏரி உறைந்த பிறகு. கரையின் எல்லைக்கல்லிலிருந்து ஐஸ் மேல் நேராக நடந்து, ஓட்டை போட்டு அடையாளம் நடுவார். அடையாளத்துக்கு ஊரார் தூக்கிப்போட்ட கிறிஸ்துமஸ் மரங்கள். அந்த ஜனவரியில் டேப்பின் இன்னொரு முனையைப் பிடித்தவன் நான். கெய்லனின் மீன்குடில், ஐஸில் ஓட்டை போட்டு உள்ளே உட்கார்ந்து மீன் பிடிக்கிற மரக்கூண்டு, பக்கத்திலேயே இருந்தது. அவன் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து நின்றான்.

“வெர்லின், ஆபீசரம்மாகிட்ட சொல்லு. அந்த மரம் என் ஐஸ் மேல நிக்குதுன்னு.”

ஆர்லிஸ் எனக்குப் பக்கத்தில்தான் நின்றார். “வெர்லின், அவன்கிட்ட சொல்லு. ஐஸ் யாருக்கும் சொந்தமில்ல. அரசாங்கத்துது.”

“அரசாங்கத்துதுன்னா அதுல எதுக்குக் கோடு போடறாங்களாம்?”

“அது ஐஸுக்குப் போடற கோடு இல்லன்னு சொல்லு. அடியில இருக்கற தண்ணிக்கு.”

“அப்ப அடியில போய் நடச் சொல்லு.”

நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் காது நன்றாகவே கேட்கும். எனக்குக் கால் விறைத்துப்போயிருந்தது.

மாலைக்குள் இரண்டு வரிசை மரம் நின்றது. இரண்டும் கெய்லன் குடிலுக்கு முன்னால் வந்து ஒன்றாகக் கூடின. சில மரங்களில் ஜிகினா இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. குழந்தைக்குக்கூட விளங்கும் படம். ஆர்லிஸ் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு டேப்பைச் சுற்றினார்.

நோட்டீஸ் தபாலில் போயிற்று. பக்கத்து வீட்டுக்கு, பதினெட்டு மைல் தள்ளி இருக்கிற தபால் நிலையம் சுற்றிக்கொண்டு. அதில் இருந்தது இரண்டே வழி. துறையைக் கோட்டுக்குள் போடு. அல்லது, பக்கத்து நிலக்காரரும் சம்மதித்தால், இருவரும் சேர்ந்து எல்லைக் கோட்டின் மேலேயே ஒரு பொதுத் துறை போட்டுக்கொள்ளுங்கள். அதற்குப் பத்தடி விதி இல்லை, ஆழமான தண்ணீர் வரை நீட்டலாம். ஏரியில் நாலைந்து குடும்பங்கள் அப்படித்தான் வைத்திருக்கின்றன. அக்காவும் தம்பியும் ஒரு வார்த்தை பேசினால் முடிந்தது. அந்த ஒரு வார்த்தையை யார் பேசுவது? ஊருக்கே இது தெரியும். ஊரே வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது, என்னையும் சேர்த்து.

பிப்ரவரியில் கெய்லன் வீட்டு வாசலில் விற்பனைப் பலகை ஏறியது.

மார்ச்சில் வாங்குகிறவர்களும் வந்துவிட்டார்கள். நகரத்துத் தம்பதி. வீட்டை இடித்துவிட்டு முழுக்கக் கண்ணாடியில் கட்டப் போகிறார்களாம். சனிக்கிழமை கையெழுத்து. வியாழக்கிழமை ஆர்லிஸை மளிகைக் கடையில் பார்த்தேன். “கண்ணாடி வீடுன்னா காலையில லைட் எரியுதான்னு நல்லாத் தெரியும்,” என்றேன். சும்மா ஏதாவது சொல்ல வேண்டுமே என்று சொன்னதுதான். அவர் கையில் இருந்த முட்டை அட்டையைத் திரும்ப வைத்துவிட்டு, ஒன்றும் வாங்காமல் போய்விட்டார். நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை கெய்லன் குடிலுக்குப் போனேன். மார்ச் நடுவுக்குள் குடில்களை ஐஸை விட்டு எடுத்துவிட வேண்டும்; என் வண்டியால் இழுத்துக் கொடுப்பதாகச் சொல்லியிருந்தேன். கரையோரம் ஐஸ் உருகிப் பலகை போட்டுத்தான் ஏற வேண்டியிருந்தது. உள்ளே அவன் ஓட்டைக்கு முன்னால் தூண்டிலைப் பிடித்து உட்கார்ந்திருந்தான்.

“காபி?” என்றான்.

“வேணாம் வேணாம். இப்பத்தான் குடிச்சேன்.”

“ஒரு வாய் குடிக்கலாம்.”

“எதுக்கு, உனக்கே கொஞ்சமாத்தான் இருக்கும்.”

“ஃபிளாஸ்க் நெறைய இருக்கு. குடிடா.”

“சரி, சிரமம் இல்லன்னா ஊத்து.”

ஊற்றினான். எங்கள் பக்கத்தில் எல்லோரும் இப்படித்தான். முதல் தடவை கேட்டவுடனே வாங்கிக்கொள்கிறவனைப் பேராசைக்காரன் என்று நினைப்போம். மூன்றாம் தடவை கேட்காதவனை, முதலிலேயே கொடுக்க மனசில்லாதவன் என்று நினைப்போம்.

கெய்லன் என் கையில் இருந்த கோப்பையையே பார்த்தான். “பாத்தியா? மூணு தடவை கேட்டேன். ஒரு காபிக்கு. மனுஷன்னா அப்படிக் கேக்கணும்.”

“ஏன், யாரு கேக்கல?”

“ஆபீசரம்மா.”

“எதை?”

அவன் தூண்டிலைக் கொஞ்சம் மேலே இழுத்து, மறுபடி விட்டான். “அப்பா அடக்கத்தன்னிக்கு, சர்ச் கீழ்த்தளத்துல. சாண்ட்விச் தட்டோட வந்தாங்க. ‘கெய்லன், ரெண்டு துறை எதுக்கு? கோட்டு மேல ஒண்ணு போட்டுக்கலாம், ரெண்டு பேருக்கும் ஆகும்’னாங்க. நான் வேணாம் வேணாம், உங்களுக்கு எதுக்கு சிரமம்னேன்.”

“அப்புறம்?”

“கோப்பை கழுவறப்ப மறுபடி கேட்டாங்க. நெஜமாத்தான் சொல்றேன்னாங்க. நான், பரவால்ல, சமாளிச்சுக்கறேன்னேன்.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன அப்புறம்? மேல்கோட்டை மாட்டிக்கிட்டுக் கெளம்பிட்டாங்க.”

“மூணாவது தடவை…”

“வாசல் வரைக்கும் கூடவே போனேன்டா. கார் கதவு வரைக்கும் போனேன். ஜன்னல்ல நின்னேன். கண்ணாடியை எறக்கினாங்க. கேக்கப் போறாங்கன்னு பாத்தா, ‘ரோட்ல ஐஸ் இருக்கு, பாத்துப் போ’ன்னு சொல்லிட்டுக் கெளம்பிட்டாங்க.” அவன் தூண்டிலைக் கீழே வைத்தான். “காபிக்கே மூணு தடவை. சொந்தத் தம்பிக்கு, அப்பா போட்ட துறைக்கு, ரெண்டே தடவை. மனசுல இல்லாததை ஒப்புக்குக் கேட்டிருக்காங்க. அது போதும் எனக்கு.”

“அதுக்காக வித்துட்டுப் போறியா?”

“டுலூத் டவுன்ல என் பொண்ணு அவ வீட்டு மாடியில ஒரு ரூம் தர்றா. ஜன்னல்ல அங்க இருக்கற பெரிய ஏரி தெரியுமாம். அந்த ஏரில எனக்கு என்ன வேலை?” என்று சொல்லிவிட்டுச் சட்டைக்கையால் மூக்கைத் துடைத்தான். “குளிரு,” என்றான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதினோரு வருஷம்! நடுவில் நின்று டேப்பைப் பிடித்து, பல்பு மாற்றப் போய், இரண்டு பேர் முகத்தையும் பார்த்துப் பார்த்து என் ஆயுசில் பாதி போயிருக்கிறது. காபியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். பலகை மேல் ஓடி, ஆர்லிஸ் வீட்டுப் பின்கதவைத் தட்டாமலே திறந்தேன்.

அவர் மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தார். “வா வெர்லின். காபி?”

“வேணாம்.”

“கொஞ்சமா…”

“வேணாம்னா வேணாம் ஆர்லிஸ்! மூணாவது தடவையும் கேக்காதீங்க, நெஜமாவே வேணாம். உக்காருங்க.”

என் வாழ்க்கையில் யாரிடமும் இப்படிப் பேசியதில்லை. வீட்டுக்கு வந்து சொன்னபோது என் மனைவி டார்லீன் இரண்டு நாள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். ஆர்லிஸ் உட்கார்ந்தார்.

“உங்கப்பா அடக்கத்தன்னிக்கு கெய்லன்கிட்ட துறையைப் பத்திக் கேட்டீங்களா?”

அவர் கையில் இருந்த துணி நின்றது. “கேட்டேன். வேணாம்னுட்டான்.”

“எத்தனை தடவை கேட்டீங்க?”

“ரெண்டு தடவை. ரெண்டு தடவையும் வேணாம்னான். அதுக்கு மேல கெஞ்சணுமா?”

“மூணாவது தடவை ஏன் கேக்கல?”

“காபி வேற, சொத்து வேற, வெர்லின். டெக்ஸாஸ்ல ஒரு தடவை கேட்டாலே அதிகம். அங்க கேக்காமயே வந்து உக்காந்துடுவாங்க. நான் ரெண்டு தடவை கேட்டதே…” அவர் நிறுத்தினார். அந்த முகம் மாறியதை நான் பார்த்தேன். மேஜையையே பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: “கார் வரைக்கும் வந்தான்.”

“ஆமா.”

“ஜன்னல்ல கை வெச்சுக்கிட்டு நின்னான்.”

“ஆமா.”

“தொப்பிகூடப் போடல. சளி பிடிச்சுடுமேன்னு சீக்கிரம் கெளம்பினேன்.”

  அவர் துணியை நாலாக மடித்தார், எட்டாக மடித்தார். கண் நிறைந்திருந்தது, அதைத் துடைக்க அந்தத் துணியையே எடுத்தார், பிறகு அது மேஜைத் துணி என்று ஞாபகம் வந்து கீழே வைத்தார்.

“வெர்லின், ஒண்ணு கேக்கறேன். அந்த ரெண்டு தடவை இன்னும் செல்லுமா? இல்ல, முதல்லேர்ந்து எண்ணணுமா?”

அதிகாரி மூளை. ஆனால் கேள்வி நியாயமானது. இப்போது கேட்பது மூன்றாவது என்றால் அவன் சரி என்பான். முதலாவது என்றால் வேண்டாம் என்பான், இவர் மனசு உடைந்து திரும்பி வந்துவிடுவார், சனிக்கிழமை கையெழுத்தாகிவிடும்.

“தெரியல,” என்றேன். “பதினோரு வருஷம் ஆச்சு. அவனுக்கும் தெரியாது.”

“விதியில எதுவும் இல்ல,” என்றார். எழுந்து மேல்கோட்டை மாட்டிக்கொண்டார். “முதல்லேர்ந்துன்னா மூணு தடவை கேக்கறேன். முப்பது தடவை வேணும்னாலும் கேக்கறேன். நீ நடுவுல பேசாம இரு.”

ஐஸ் மேல் அவர் முன்னால் நடந்தார், நான் பின்னால். வெயில் கூசியது. மேல்பரப்பில் தண்ணீர் கட்டிக் கால் சளசளத்தது. அவர் உதடு அசைந்துகொண்டே இருந்தது. மூன்று விதமாகக் கேட்க மூன்று வாக்கியம் தயார் செய்துகொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். கெய்லன் குடிலுக்கு வெளியே வந்து சங்கிலி மாட்டிக்கொண்டிருந்தான். அக்காவைக் கண்டதும் சங்கிலியைக் கீழே விட்டான். இரண்டு பேரும் எதிரும் புதிருமாக நின்றார்கள்.

“கெய்லன்,” என்றார் ஆர்லிஸ். “அந்தக் கோட்டு மேல…”

“சரி ஆர்லி,” என்றான் கெய்லன்.

ஆர்லி என்று அவரைச் சின்ன வயதில் கூப்பிடுவான். நான் அதைக் கேட்டு நாற்பது வருஷம் இருக்கும்.

“நான் இன்னும் கேக்கவே இல்லையே,” என்றார் அவர்.

“சரின்னுட்டேன். போட்டுக்கலாம்.”

“என்ன போட்டுக்கலாம்? நான் எதைப் பத்திச் சொல்ல வந்தேன்னு உனக்கெப்படித் தெரியும்?”

“வேற எதைப் பத்திச் சொல்ல இவ்வளவு தூரம் ஐஸ்ல வருவே?”

ஆர்லிஸ் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் பேசாமல் இருந்தேன், சொன்னபடி. அவர் தயார் செய்துவந்த மூன்று வாக்கியமும் அப்படியே கையில் நின்றுவிட்டன. டேப்பைத் தேடுவதுபோல் பையைத் தடவினார்.

“மூணடி அகலத்துக்கு மேல கூடாது,” என்றார்.

“தெரியும்.”

“உன் படகு தெற்குப் பக்கம். என்னுது வடக்கு.”

“தெரியும் ஆர்லி.”

“நாளைக்கு அந்த ஆளுங்க வராங்களே?”

“போன் பண்ணி வர வேணாம்னு சொல்லிடறேன்.”

“எத்தனை தடவை சொல்லணும் அவங்களுக்கு?”

“நகரத்து ஆளுங்க. ஒரு தடவை போதும்.”

இவர்கள் இப்படியே நின்றால் மூன்று பேரும் அடியில் இருக்கிற தண்ணீருக்குள் போய்விடுவோம் என்று எனக்குப் பட்டது. ஆர்லிஸ் தன் வீட்டுப் பக்கம் கையைக் காட்டினார். “வீட்ல காபி இருக்கு. ருபார்ப் கேக்கும் இருக்கு, நேத்து செஞ்சது. வர்றியா?”

“வர்றேன்,” என்றான் கெய்லன்.

முதல் தடவையிலேயே. எனக்கே தூக்கிவாரிப்போட்டது. ஆர்லிஸ் அவனை உற்றுப் பார்த்தார். பிறகு வலது கையுறையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, கிட்டே போய், தம்பியின் தொப்பியை மேலே தள்ளி நெற்றியில் கையை வைத்துப் பார்த்தார்.

“காய்ச்சல் இல்லையே,” என்றார்.

கையை எடுக்கவில்லை. கெய்லனும் நகரவில்லை, கண்ணை மூடிக்கொண்டு அப்படியே நின்றான். நான் அந்தப் பக்கம் பார்க்காமல், கீழே கிடந்த சங்கிலியை எடுத்து வண்டியில் மாட்டப் போனேன்.